காலநிலை மாநாட்டுத் தீர்மானத்தை நீங்களே படிப்பது எப்படி?

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. அசர்பைஜான் தலைநகர் பாகுவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாடு ஒருவழியாக முடிந்துவிட்டது, வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் தர பணக்கார நாடுகள் ஒப்புக்கொண்டுவிட்டன என்று கைப்பேசியில் செய்தி வந்தது. அப்படியே நண்பர்கள் குழுவில் போட்டேன். அதில் கல்லூரி முதலாண்டு படிக்கிற தம்பி ஒருவன் இருக்கிறான். "அண்ணா, யாரு எவ்வளவு தரணும்னு அதுல போட்டிருக்கா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அன்று மதியம்தான் முதல்முறையாக அந்தத் தீர்மானத்தையே திறந்து, எட்டாவது பத்தியை வரிவரியாகப் படித்தேன்.

'தரும்' என்கிற வினையே அந்த வாக்கியத்தில் கிடையாது. வளர்ந்த நாடுகள் முன்னணியில் நிற்க, பொது, தனியார், இருதரப்பு, பலதரப்பு என்று பலவகை மூலங்களிலிருந்து, 2035க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 300 பில்லியன் டாலர் என்று ஓர் இலக்கு வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். எந்த நாடு எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. கடனும் தனியார் முதலீடும்கூட இந்தக் கணக்கில் ஏறலாம். தலைப்புச் செய்தி சொன்னதும் காகிதம் சொன்னதும் வேறு வேறு.

அந்தத் தம்பிக்காக எழுதத் தொடங்கிய குறிப்புகள்தான் இவை. உலக அரசியலையும் காலநிலைச் சண்டைகளையும் புதிதாகக் கவனிக்க ஆரம்பித்திருப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். பட்டம் எதுவும் வேண்டாம். ஓரளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும், ஏனென்றால் ஐ.நா. ஆவணங்கள் ஆறு மொழிகளில்தான் வருகின்றன, தமிழ் அதில் இல்லை. ஒரு பேனா, ஒரு நோட்டு, இரண்டு மாலைப்பொழுது, இவ்வளவுதான் தேவை.

முதல் படி: எந்த அறையில் பேசுகிறார்கள் என்று பாருங்கள்

காலநிலையைப் பற்றி நாடுகள் ஒரே இடத்தில் பேசுவதில்லை, ஒவ்வோர் இடத்துக்கும் விதி வேறு. தாய் ஒப்பந்தம் 1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஐ.நா. காலநிலை உடன்படிக்கை. அது 1994 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, அதன் செயலகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகள் ஆண்டுதோறும் கூடுகிற கூட்டத்தைத்தான் 'காப்' என்கிறோம். முதல் காப் 1995இல் பெர்லினில் நடந்தது. 1997 கியோட்டோ நெறிமுறையும் 2015 பாரிஸ் ஒப்பந்தமும் இந்தத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள்.

தீர்மானங்களுக்கு 1/சிஎம்ஏ.5 என்பதுபோல எண் இருக்கும். பயப்பட வேண்டாம். முதலில் இருப்பது தீர்மான எண். நடுவில் இருப்பது எந்த அமைப்பு என்பது: 'சிபி' என்றால் தாய் உடன்படிக்கையின் கூட்டம், 'சிஎம்ஏ' என்றால் பாரிஸ் ஒப்பந்த நாடுகளின் கூட்டம். கடைசியில் இருப்பது எத்தனையாவது கூட்டம் என்பது. 1/சிஎம்ஏ.5 என்பது 2023 துபாய், 1/சிஎம்ஏ.6 என்பது 2024 பாகு. இந்த எண்ணைத் தேடுபொறியில் போட்டால் மூலத் தீர்மானமே கிடைக்கும். செய்தியில் 'துபாய் ஒப்பந்தம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் உடனே எண்ணைத் தேடி எடுத்துவிடுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மற்ற அறைகள் இரண்டு. நியூயார்க்கில் பாதுகாப்பு அவை: 15 உறுப்பினர்கள், அதில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ, அதாவது தனியாகவே ஒரு தீர்மானத்தைத் தடுத்து நிறுத்தும் உரிமை. ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம். இவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாம் படி: யார் யாருக்காகப் பேசுகிறார்கள்

கிட்டத்தட்ட 200 நாடுகளும் தனித்தனியாகப் பேசினால் விடிந்துவிடும், அதனால் குழுக்களாகப் பேசுகிறார்கள். 'ஜி77 மற்றும் சீனா' என்பது வளரும் நாடுகளின் பெரிய குடை. பெயர் 77 என்றாலும் உள்ளே 130க்கு மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. பெரும்பாலும் அந்தக் குடைக்குள்ளேயே மாலத்தீவு போன்ற சிறு தீவு நாடுகளின் கூட்டணி இருக்கிறது, 39 நாடுகள், சிங்கப்பூரும் அதில்தான். மிகவும் பின்தங்கிய நாடுகளின் குழு தனி, ஆப்பிரிக்கக் குழு தனி, அரபுக் குழு தனி. இந்தியாவும் சீனாவும் சவுதி அரேபியாவும் பல விஷயங்களில் 'ஒத்த கருத்துள்ள வளரும் நாடுகள்' என்ற குழுவில் சேர்ந்து பேசுகின்றன. எதிர்ப்பக்கம் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு குழு. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா போன்றவை சேர்ந்த 'அம்ப்ரெல்லா' குழு இன்னொன்று.

புதிதாக வருபவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். 'வளரும் நாடுகள்' என்றால் எல்லோரும் ஒரே பக்கம் என்று நினைத்துவிடுவார்கள். மாலத்தீவுக்கு எண்ணெய் எரிவது நிற்க வேண்டும், இல்லையென்றால் நிலமே மிஞ்சாது. சவுதிக்கு எண்ணெய்தான் கஜானா. இரண்டும் ஒரே குடைக்குள் உட்கார்ந்திருக்கின்றன. பணம் பற்றிய பேச்சு வந்தால் ஒன்றாக நிற்பார்கள், எரிபொருள் பற்றிய பேச்சு வந்தால் பிரிந்துவிடுவார்கள். யார் பேசினார்கள் என்பதோடு எந்தக் குழுவின் சார்பில் பேசினார்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

இன்னொன்று, 1992இல் போட்ட பட்டியல். அன்றைக்கு யார் பணக்காரர் என்று ஓர் இணைப்பில் பெயர் எழுதினார்கள். சீனா, தென்கொரியா, வளைகுடா நாடுகள் அதில் இல்லை, இன்றும் இல்லை. ஐரோப்பா "நிலைமை மாறிவிட்டது, நீங்களும் காசு போடுங்கள்" என்கிறது. சீனாவும் இந்தியாவும் "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே" என்கின்றன. கடந்த பத்தாண்டுச் சண்டைகளில் பெரும்பாலானவற்றைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் இந்தப் பட்டியல்தான் கிடக்கும்.

மூன்றாம் படி: வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள்

ஒரேயொரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஐ.நா. தீர்மானத்தில் ஒவ்வொரு பத்தியும் ஒரு வினைச்சொல்லோடு தொடங்கும். அந்தச் சொற்களுக்குப் படிநிலை உண்டு. 'தீர்மானிக்கிறது' என்பதுதான் வலுவானது. அதற்குக் கீழே 'வலியுறுத்துகிறது', 'அழைப்பு விடுக்கிறது' (கால்ஸ் ஆன்), 'ஊக்குவிக்கிறது', 'அழைக்கிறது' (இன்வைட்ஸ்) என்று இறங்கிக்கொண்டே போய் 'குறித்துக்கொள்கிறது' என்ற அடிமட்டத்துக்கு வரும். 2009இல் கோபன்ஹேகனில் தலைவர்கள் சிலர் சேர்ந்து எழுதிய உடன்பாட்டை மாநாடு ஏற்கவில்லை, 'குறித்துக்கொண்டது'. வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்லாமல் வாசலிலேயே பார்த்துத் தலையசைத்து அனுப்புவதுபோல.

2018இல் போலந்தின் கட்டோவிட்சேயில் என்ன நடந்தது தெரியுமா? புவி வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் என்ன ஆகும் என்று விஞ்ஞானிகளிடம் அறிக்கை கேட்டதே இந்த மாநாடுதான். அறிக்கை வந்ததும் அதை 'வரவேற்கிறோம்' என்று எழுதலாம் என்றார்கள். அமெரிக்கா, ரஷ்யா, சவுதி அரேபியா, குவைத் நான்கும் முடியாது, 'குறித்துக்கொள்கிறோம்' என்றுதான் எழுத வேண்டும் என்றன. இரண்டு சொல்லுக்கு நடுவே ஒத்துப்போக முடியாமல் அன்றைக்கு அந்தப் பத்தியே விழுந்துபோனது.

பாரிஸ் கதை இன்னும் நுணுக்கமானது. 2015 டிசம்பர் 12, கடைசி வரைவு கைக்கு வந்தபோது 4.4 பிரிவில் வளர்ந்த நாடுகள் தங்கள் உமிழ்வை, அதாவது வெளிவிடும் புகையை, மொத்தமாகக் குறைக்கிற இலக்குகளை ஏற்று முன்னிற்பதைப் பற்றிய வரியில் 'ஷல்' என்று இருந்தது. 'ஷல்' என்றால் சட்டக் கடமை, 'ஷுட்' என்றால் செய்வது நல்லது என்ற அளவு. 'ஷல்' இருந்தால் அமெரிக்க அதிபர் அதை செனட் சபைக்குக் கொண்டுபோக வேண்டிவரும், அங்கே அது நிறைவேறாது என்று எல்லோருக்கும் தெரியும். அரங்கம் நிரம்பியிருக்கிறது, கூட்டம் தொடங்கவில்லை, முன்வரிசையில் ஆட்கள் கூடிக்கூடிப் பேசுகிறார்கள். கடைசியில் செயலக அதிகாரி ஒருவர் எழுத்துப் பிழைத் திருத்தங்களின் பட்டியலை வாசித்தார். காற்புள்ளி, எண் வரிசை என்று போய்க்கொண்டிருந்த அந்தப் பட்டியலுக்குள்ளேயே 'ஷல்' என்பது 'ஷுட்' ஆனது. சிறிது நேரத்தில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் லோரான் ஃபாபியுஸ் தீர்மானம் ஏற்கப்பட்டதன் அடையாளமாகப் பச்சை நிறச் சுத்தியலைத் தட்டினார், உலகமே எழுந்து கைதட்டியது.

2021 கிளாஸ்கோவுக்கு வாருங்கள். நிலக்கரியைப் பற்றிய வரியில் 'ஃபேஸ் அவுட்' என்று இருந்தது, அதாவது படிப்படியாகக் கைவிடுவது. கடைசிக் கூட்டத்தில் இந்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ் 'ஃபேஸ் டவுன்' என்ற மாற்று வரியை வாசித்தார், படிப்படியாகக் குறைப்பது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மன்னிப்புக் கேட்கும்போது குரல் உடைந்துபோனது. இந்தியா துரோகம் செய்தது என்று மேற்கத்திய ஊடகங்கள் எழுதின, இந்தியா வென்றது என்று இங்கே எழுதினார்கள். நான் சொல்வது, அந்தப் பத்தியை முழுதாகப் படியுங்கள். நிலக்கரிக்குப் பெயர் சொல்லி ஒரு வரி இருக்கிறது. எண்ணெயும் எரிவாயுவும் அங்கே பெயரோடு வரவில்லை, மானியம் பற்றிய பகுதியில் பொதுவாகப் 'புதைபடிவ எரிபொருள்' என்றுதான் வருகிறது. நிலக்கரியை நம்பியிருக்கிற நாட்டைக் கைகாட்டிவிட்டு எண்ணெய், எரிவாயுவை நம்பியிருக்கிற நாடுகள் ஒதுங்கிக்கொண்டன என்ற இந்தியாவின் கோபம் நியாயமானது. அதே சமயம் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிற மார்ஷல் தீவுகளின் பிரதிநிதி அன்றைக்குச் சொன்ன வேதனையும் நியாயமானது. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்கப் பழகுங்கள், இந்தத் துறையில் அது ரொம்பவே தேவைப்படும்.

இனி துபாய், 2023. 'புதைபடிவ எரிபொருள் யுகத்தின் முடிவு ஆரம்பம்' என்றெல்லாம் எழுதினார்கள். 28ஆம் பத்தியை எடுங்கள். வினை என்ன? 'அழைப்பு விடுக்கிறது'. எதற்கு? பின்வரும் உலகளாவிய முயற்சிகளுக்குப் 'பங்களிக்க'. எப்படி? 'நாடுகள் தாமே தீர்மானிக்கும் முறையில்', அவரவர் சூழ்நிலையைக் கணக்கில் கொண்டு. இத்தனை வாசல்களையும் தாண்டித்தான் எரிசக்தி அமைப்புகளில் புதைபடிவ எரிபொருட்களை விட்டு 'மாறிச் செல்வது' என்ற பிரபலமான துணைப்பிரிவு வருகிறது. அடுத்த பத்தி, 29, இன்னும் சுவாரசியம்: எரிசக்திப் பாதுகாப்பை உறுதிசெய்தபடியே 'இடைமாற்ற எரிபொருட்கள்' இந்த மாற்றத்துக்கு உதவலாம் என்று அங்கீகரிக்கிறது. இடைமாற்ற எரிபொருள் என்றால் என்ன என்று விளக்கம் இல்லை, ஆனால் இயற்கை எரிவாயு என்று படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கதவை மூடிய கையோடு பக்கத்துச் சன்னலைத் திறந்துவைத்த மாதிரி. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், முப்பது ஆண்டுப் பேச்சுவார்த்தையில் எல்லா புதைபடிவ எரிபொருட்களையும் சேர்த்துச் சுட்டி, விட்டு விலகச் சொல்லும் வரி வந்தது அதுவே முதல்முறை. அதைச் சிறிதாக நினைக்க வேண்டாம்.

நான்காம் படி: சதுர அடைப்புக்குறிகளைக் கவனியுங்கள்

வரைவு ஆவணத்தில் [இப்படி] சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் இன்னும் ஒத்துக்கொள்ளாத பகுதி. [செய்ய வேண்டும்] [செய்யலாம்] என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முதல் வாரம் பக்கம் முழுக்க அடைப்புக்குறியாக இருக்கும், இரண்டாம் வாரம் குறையும். ஒரே ஆவணத்தின் திங்கட்கிழமை வடிவத்தையும் வியாழக்கிழமை வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று புரிந்துவிடும். ஆவண எண்ணில் 'எல்' என்ற எழுத்து வந்துவிட்டால் அது ஏற்புக்கு வைக்கப்படுகிற கடைசி வரைவு, சுத்தியல் விழுகிற நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு விஷயத்தில் எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் '16ஆம் விதி' என்று சொல்லி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். செய்தியில் அது வராது, ஆனால் அதுவும் ஒரு முடிவுதான்.

ஐந்தாம் படி: பணத்தை நம் கணக்கில் மாற்றிப் பாருங்கள்

பில்லியன் என்றால் 100 கோடி, டிரில்லியன் என்றால் ஒரு லட்சம் கோடி. 300 பில்லியன் டாலர் என்பது 30,000 கோடி டாலர். 1.3 டிரில்லியன் என்பது 1.3 லட்சம் கோடி டாலர். இந்த மாற்றத்தில் ஒரு சுழியம் தவறிய செய்திகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆகவே நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பாகுவில் வளரும் நாடுகள் கேட்டது அந்த 1.3 டிரில்லியன். தீர்மானத்தில் அந்த எண்ணும் இருக்கிறது, ஏழாவது பத்தியில். வினையைப் பாருங்கள்: எல்லாத் தரப்பினரும் சேர்ந்து அந்த அளவுக்கு நிதியை உயர்த்த 'அழைப்பு விடுக்கிறது'. எட்டாவது பத்தியில் 300 பில்லியனுக்குத்தான் 'தீர்மானிக்கிறது'. பெரிய எண்ணுக்குச் சின்ன வினை, சின்ன எண்ணுக்குப் பெரிய வினை. மூன்றாம் படியைச் சரியாகப் பழகியிருந்தால் இந்த இரண்டு பத்தியும் பத்து நொடியில் கண்ணில் பட்டுவிடும்.

பழைய வாக்குறுதி ஒன்று இருக்கிறது: 2020க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் என்று 2009இல் சொன்னது. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் கணக்குப்படியே அது 2022இல்தான் எட்டப்பட்டது, 115.9 பில்லியன். அதிலும் அரசுகள் கொடுத்ததில் பெரும்பகுதி கடன். வெள்ளம் வந்து பாலம் உடைந்த நாட்டுக்குப் பாலம் கட்டக் கடன் கொடுத்துவிட்டு அதைக் காலநிலை நிதி என்று எழுதிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தத் தொகையைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். மானியமா, கடனா? புதிய பணமா, ஏற்கெனவே உதவியாகத் தந்துகொண்டிருந்ததற்கு மறுபெயரா? அறிவித்ததா, கையெழுத்தானதா, கைக்கு வந்ததா?

கடைசிக் கேள்விக்கு, காலநிலைப் பேரிடரால் பாதிக்கப்பட்ட நாடுகளுக்கான 'இழப்பும் சேதமும்' நிதியம் நல்ல உதாரணம். 2022இல் எகிப்தில் அமைக்க முடிவு, 2023 நவம்பர் 30 அன்று துபாயின் முதல் நாளிலேயே செயல்பட ஒப்புதல், அந்த மாநாட்டில் 70 கோடி டாலரை ஒட்டி அறிவிப்புகள். அறிவிப்புக்கும் பாதிக்கப்பட்ட ஊருக்கும் நடுவே ஒப்பந்தம், வாரியம், விண்ணப்பம் என்று நீண்ட தூரம் இருக்கிறது. பாரிஸில் இதற்கு இன்னொரு கொக்கியும் போட்டுவைத்தார்கள்: இழப்பும் சேதமும் பற்றிய ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவு இழப்பீட்டுக்கோ சட்டப் பொறுப்புக்கோ அடிப்படை ஆகாது என்று தீர்மானத்தின் 51ஆம் பத்தி சொல்கிறது. 'இழப்பீடு' என்று எந்தச் செய்தியாவது எழுதினால் இந்தப் பத்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சதவீதம் வந்தால் நிறுத்திப் படியுங்கள்

இந்தியா 2030க்குள் உமிழ்வுச் செறிவை 2005ஐ விட 45 சதவீதம் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறது. செறிவு என்பது ஒரு ரூபாய்ப் பொருளாதாரத்துக்கு எவ்வளவு புகை என்பது. பொருளாதாரம் மூன்று மடங்காகி, செறிவு 45 சதவீதம் குறைந்தால், 3 பெருக்கல் 0.55, மொத்த உமிழ்வு 1.65 மடங்காகக் கூடியிருக்கும். தவறு ஒன்றுமில்லை, வளரும் நாட்டுக்கு அது நியாயமான இலக்குதான், ஆனால் 'உமிழ்வை 45 சதவீதம் குறைக்கிறது' என்று எழுதினால் பொய்.

மின்சாரத்திலும் அப்படித்தான். நிறுவப்பட்ட திறனில் பாதி புதைபடிவம் அல்லாதது என்ற இலக்கை இந்தியா 2025இல் எட்டிவிட்டது, உண்மையான சாதனை. ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. சூரியத் தகடு ராத்திரியில் தூங்கும், அனல் நிலையம் தூங்காது. உற்பத்தியான மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்னும் நிலக்கரியிலிருந்துதான்.

ஐரோப்பா 1990ஐ அடிப்படை ஆண்டாக வைத்து 55 சதவீதம் என்கிறது. பைடன் காலத்து அமெரிக்கா 2005ஐ வைத்து 50 முதல் 52 என்றது. அடிப்படை ஆண்டு வேறு என்றால் இரண்டையும் ஒப்பிடவே கூடாது. தலைக்கு எவ்வளவு என்பதையும் பாருங்கள்: கரியமில வாயு மட்டும் ஓர் இந்தியருக்குச் சுமார் 2 டன், ஓர் அமெரிக்கருக்குச் சுமார் 14 டன். ஆண்டு மொத்தத்தில் சீனா முதலிடம், இந்தியா மூன்றாமிடம். தொழிற்புரட்சியிலிருந்து கூட்டிப் பார்த்தால் அமெரிக்கா முதலிடம். மூன்றும் உண்மை, பேசுகிறவர் தனக்கு வசதியானதை எடுப்பார். அப்புறம், 2024இல் புவியின் சராசரி வெப்ப உயர்வு 1.5 டிகிரியைத் தாண்டியதால் பாரிஸ் இலக்கு உடைந்துவிட்டது என்பதும் அவசரம். அந்த இலக்கு ஓராண்டு அளவு இல்லை, பல்லாண்டுச் சராசரி. ஆனால் அந்தச் சராசரியும் அதே திசையில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஏழாம் படி: கடைசி ராத்திரியைத் தவறவிடாதீர்கள்

காலநிலை மாநாட்டில் வாக்கெடுப்பு கிடையாது. ஏன் தெரியுமா? 1995இல் விதிகளை ஏற்க முயன்றபோது வாக்கெடுப்பு பற்றிய 42ஆம் விதியில் உடன்பாடு வரவில்லை. சவுதி உள்ளிட்ட எண்ணெய் நாடுகள் ஒருமித்த கருத்துதான் வேண்டும் என்று நின்றன. விதித் தொகுப்பே இன்றுவரை வரைவாகத்தான் கிடக்கிறது, 42ஆம் விதியைத் தவிர மற்றவற்றைப் பின்பற்றுகிறார்கள். ஆகவே 'ஒருமித்த கருத்து'தான் வழி, அது இருக்கிறதா இல்லையா என்பதைச் சுத்தியல் வைத்திருப்பவரின் காதுதான் முடிவு செய்கிறது.

2010இல் கான்குனில் பொலிவியா வாய்விட்டு எதிர்த்தது. ஒருமித்த கருத்து என்பதற்கு ஒரேயொரு நாட்டின் வீட்டோ என்று பொருள் இல்லை என்று சொல்லி மாநாட்டுத் தலைவர், மெக்சிகோவின் பத்ரிசியா எஸ்பினோசா தட்டிவிட்டார். பாகுவில் தட்டிய பிறகுதான் இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரைனாவுக்குப் பேச வாய்ப்பு கிடைத்தது, இந்த ஆவணம் வெறும் கண்கட்டு என்ற பொருளில் அவர் கடுமையாகப் பேசினார். அரங்கில் கைதட்டல், ஆனால் தீர்மானம் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது.

துபாயில் நடந்தது என்னால் மறக்க முடியாதது. தலைவர் சுல்தான் அல் ஜாபர் கூட்டம் தொடங்கிய சில நிமிடத்தில் தட்டினார், எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். சிறு தீவு நாடுகள் அப்போது அரங்கிலேயே இல்லை, தங்கள் நிலைப்பாட்டை ஒருங்கிணைத்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே வருகிறார்கள். அவர்கள் சார்பில் சமோவாவின் ஆன் ராஸ்முசன் மைக்கைப் பிடித்து, நாங்கள் அறையில் இல்லாதபோதே முடித்துவிட்டீர்கள் போலிருக்கிறதே, குழப்பமாக இருக்கிறது என்றார், ரொம்பவும் மரியாதையான குரலில். முதலில் மூழ்கப்போகிற நாடுகள் உள்ளே வருவதற்குள் அவர்களுடைய விதியைத் தீர்மானிக்கிற பத்தி முடிந்துபோயிருந்தது. அவர் பேசி முடித்ததும் எழுந்த கைதட்டல் முதல் கைதட்டலைவிட நீண்டது. நேரலைப் பதிவைத் தேடிப் பாருங்கள், அந்தச் சில நிமிடங்களில் கற்றுக்கொள்வது ஒரு பாடநூலில் கிடைக்காது.

எட்டாம் படி: மற்ற இரண்டு அறைகள்

பாதுகாப்பு அவை 2007 ஏப்ரலில் முதன்முறையாகக் காலநிலையை விவாதித்தது. வறட்சி வந்தால் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் சண்டை, அதனால் இதுவும் பாதுகாப்புப் பிரச்சினைதான் என்பது ஒரு வாதம். 2021 டிசம்பர் 13 அன்று அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 12 பேர் ஆதரவு. ரஷ்யா வீட்டோ செய்தது, இந்தியாவும் எதிர்த்து வாக்களித்தது, சீனா ஒதுங்கி நின்றது. மேலோட்டமாகப் பார்த்தால் இந்தியா காலநிலைக்கு எதிரி என்று தோன்றும். தூதர் டி. எஸ். திருமூர்த்தி கொடுத்த வாக்கு விளக்கத்தைப் படியுங்கள்: எல்லா நாடுகளும் சமமாக உட்காரும் காலநிலை மாநாட்டிலிருந்து விஷயத்தை எடுத்து, ஐந்து பேர் வீட்டோ வைத்திருக்கும் அறைக்கு மாற்றினால், யார் எவ்வளவு புகைவிட்டார் என்ற பொறுப்புக் கணக்கு அடிபட்டுப்போகும் என்பதுதான் கவலை. நைஜரின் கவலையோ சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் சாஹேல் பகுதியில் நாள்தோறும் சாகிற மக்கள். பாதுகாப்பு அவையில் எப்போதும் வாக்கு எண்ணிக்கையோடு நிறுத்தாமல் வாக்கு விளக்கத்தையும் படியுங்கள், உண்மையான காரணம் அங்கேதான் இருக்கும்.

நீதிமன்றத்தின் கதை நம்பிக்கை தருவது. 2019இல் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த சட்ட மாணவர்கள் வகுப்பறையில் ஆரம்பித்த பிரச்சாரத்தை வனுவாட்டு அரசு கையில் எடுத்தது, 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஒருமனதாக ஏற்று ஹேக் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டது, 2025 ஜூலை 23 அன்று பதில் வந்தது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் பொறுப்பேற்க வேண்டிவரலாம் என்று 15 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். இது ஆலோசனைக் கருத்து, நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறினாலும் வழக்காற்றுச் சட்டப்படியான (நாடுகளின் வழக்கத்தில் உருவான சட்டப்படியான) கடமை போகாது என்பது, வெளியேறுவதை வழக்கமாக்கிக்கொண்ட நாடுகளுக்குச் சங்கடம்.

வெளியேறுவதிலும் தேதி பாருங்கள். டிரம்ப் 2017 ஜூனில் பாரிஸை விட்டு விலகுவதாக அறிவித்தார், விலகல் நடந்தது 2020 நவம்பர் 4இல். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து மூன்றாண்டு கழித்துத்தான் நோட்டீஸ் கொடுக்கலாம், அதன்பின் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. பைடன் 2021 பிப்ரவரியில் திரும்பச் சேர்ந்தார், 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி விலக உத்தரவிட்டார். இந்த முறை மூன்றாண்டுக் காத்திருப்பு தேவைப்படவில்லை.

நாட்காட்டியும் நோட்டும்

ஜூனில் பான் நகரில் இரண்டு வாரம் அதிகாரிகள் கூட்டம், நவம்பரில் காப். புதியவர்கள் ஜூனை விட்டுவிடுவார்கள். உண்மையில் நவம்பரில் வெடிக்கிற சண்டைக்குத் திரி ஜூனில்தான் வைக்கப்படுகிறது. காப் தொடங்கும் நாளில் நிகழ்ச்சிநிரல் ஏற்பைப் பாருங்கள், பாகுவில் அதற்கே ராத்திரி ஆகிவிட்டது. இரண்டாம் வாரம் அமைச்சர்கள் வருவார்கள். பெரும்பாலும் வெள்ளியன்று முடிய வேண்டும், ஆனால் வெள்ளியன்று முடிவது அபூர்வம். 2019 மாட்ரிட் ஞாயிறு வரை இழுத்தது. தினமும் காலையில் எர்த் நெகோசியேஷன்ஸ் புல்லட்டின் என்ற இலவச அறிக்கையைப் படியுங்கள், யார் என்ன பேசினார் என்று அலங்காரமில்லாமல் இருக்கும். வளரும் நாடுகளின் பார்வைக்கு மலேசியாவைத் தளமாகக் கொண்ட தேர்ட் வேர்ல்ட் நெட்வொர்க். மாநாடு முடிந்ததும் கார்பன் பிரீஃப் தளத்தில் விரிவான தொகுப்பு வரும். இந்த மூன்றும் போதும், முப்பது வேண்டாம்.

நோட்டில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: பத்தி எண், வினை, யார் செய்ய வேண்டும், எப்போதுக்குள். நான்கில் ஒன்று காலியாக இருந்தால் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை: இல்லாத சொல்லைத் தேடுங்கள். 2025 நவம்பரில் பிரேசிலின் பெலேமில் மாநாடு முடிந்த அன்று அந்தத் தம்பி என்னை அழைத்தான். புதைபடிவ எரிபொருளை விட்டு விலக வழித்தடம் வேண்டும் என்று 80க்கும் மேற்பட்ட நாடுகள் அங்கே கேட்டிருந்தன. அவன் முக்கியத் தீர்மானத்தின் கோப்பைத் திறந்து, தேடும் கட்டத்தில் 'ஃபாசில்' என்று போட்டிருக்கிறான்.

"சுழியம்னு வருது அண்ணா. ஒரு இடத்துல கூட இல்ல. அப்போ துபாய்ல சொன்னது என்ன ஆச்சு?"

"'எமிரேட்ஸ்'னு போட்டுப் பாரு," என்றேன்.

வந்தது, 'ஐக்கிய அரபு எமிரேட்ஸ் கருத்தொற்றுமை' என்று துபாய் உடன்பாட்டின் பெயர் மட்டும். பத்தி எண்ணையும் வினையையும் எழுதிக்கொண்டான். அடுத்த காப் 2026 நவம்பரில் துருக்கியின் அண்டால்யாவில், அதற்கு முன்னால் ஜூனில் பான். "ஜூன்லேருந்தே பாக்குறேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு வைத்தான்.